புட்டிக்குள்ளே இருப்பது எந்தக் காளான்?



நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நிலக்கடலை என்று யார் சொல்கிறார்கள்? வீட்டிலும் களத்திலும் கமிட்டியிலும் மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்ற பெயர் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. அந்தப் பயிருக்குப் பிறந்த ஊர் மணிலா இல்லை, தென் அமெரிக்கா. மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்று முன்னோர்கள் நினைத்தார்கள், வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் தப்பாக இருந்தாலும் மல்லாட்டையில் அதனால் நமக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. காரணம், காயை உடைத்து நாலு பருப்பைக் கையில் போட்டால் விஷயம் தெரிந்த ஆள் ரகத்தைச் சொல்லிவிடுவார். செடியைப் பார்த்தால் கொத்தா, கொடியா என்று தெரிகிறது. இலை நிறம் தெரிகிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் குடியாத்தம் கொத்து என்ற நாட்டு ரகத்திலிருந்து நல்ல செடிகளாகப் பொறுக்கி, டி.எம்.வி. 2 என்று 1940-ல் வெளியிட்டார்கள். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். அமெரிக்காவிலிருந்து வந்த டென்னசி ஒயிட் என்ற ரகத்திலிருந்து பொறுக்கியது டி.எம்.வி. 7, அது 1967-ல் வந்தது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. டி.எம்.வி. 3 என்று மல்லாட்டையிலும் ஒரு ரகம், எள்ளிலும் ஒரு ரகம். வெறுமனே "டி.எம்.வி. 3 கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் "எதுல?" என்று திருப்பிக் கேட்பார். ஆனாலும் மூட்டையைப் பிரித்ததும் எள் எது, கடலை எது என்று குழந்தைக்கும் தெரியும்.

இன்றைக்கு நான் பேச வந்தது காளானைப் பற்றி. காளானில் இந்தச் சௌகரியம் கிடையாது. காளான் வித்துப் புட்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய காலிப் புட்டியில் வரும், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் பையில் வருகிறது. உள்ளே வேக வைத்த சோளம். சோளத்தின் மேலே வெள்ளைப் பஞ்சு படர்ந்த மாதிரி பூசண இழை. சிப்பிக் காளான் வித்தும் வெள்ளைதான், பால் காளான் வித்தும் வெள்ளைதான், மொட்டுக் காளான் வித்தும் வெள்ளைதான். ஒரே காளானில் நாலு ரகம் இருந்தால் அந்த நாலும் வெள்ளைதான். மேலே ஒட்டியிருக்கிற சீட்டைக் கிழித்துவிட்டால், வித்து தயாரித்தவரே திணறிப் போவார்.

சித்திரை வெயிலில் ஒருவர் குடில் போட்டு, பால் காளான் என்று நம்பி வித்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் காளான் 30, 35 டிகிரி சூட்டையும் தாங்கி வரும். புட்டிக்குள்ளே இருந்ததோ குளிர்ச்சி கேட்கிற ஃப்ளோரிடா சிப்பி. வைக்கோலை ஊற வைத்து, அவித்து, பை பையாகக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று வாரம் தண்ணீர் தெளித்த பிறகுதான் கோளாறு தெரியும். அப்போது "வைக்கோல் சரியில்லை, நீங்க சரியா அவிக்கலை" என்று வித்து கொடுத்தவர் சொல்வார். "வித்துதான் சரியில்லை" என்று இவர் சொல்வார். இரண்டு பேர் பேச்சையும் எடை போட ஒரு தராசு வேண்டாமா? அந்தத் தராசுக்குப் பெயர்தான் மரபு அடையாளம். அது எப்படி வந்தது என்ற கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கதை பிரான்ஸ் நாட்டில் பாரீஸ் நகரத்துப் பக்கம் தொடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே குதிரைச் சாணத்தில் மொட்டுக் காளான் வளர்த்தார்கள். வித்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. காளான் தானாக முளைத்த எருவை வெட்டி எடுத்து வந்து புதுப் படுக்கையில் புதைப்பார்கள். நாம் உறை மோர் வாங்கித் தயிர் தோய்க்கிற மாதிரிதான். அந்த எருவில் நல்ல காளானும் இருக்கும், வேண்டாத பூசணமும் நோயும் கூடவே வரும். 1894-ல் கான்ஸ்டன்டின், மாட்ருஷோ என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் காளானின் வித்துத்தூளை முளைக்க வைத்துச் சுத்தமான வித்து தயாரித்தார்கள். 1905-ல் அமெரிக்காவில் டகர் என்பவர், காளானின் உள் சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளி வைத்தாலே போதும், அதே காளான் திரும்ப வளரும் என்று காட்டினார். 1932-ல் சிண்டன் என்பவர் தானியத்தில் வித்து வளர்க்கிற முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். நம்ம சோள வித்துக்கு அதுதான் தாத்தா.

டகர் காட்டிய வழி இருக்கிறதே, அதில் நன்மையும் உண்டு, வம்பும் உண்டு. நல்ல காளான் ஒன்று கிடைத்தால் அதையே அப்படியே பெருக்கிக் கொள்ளலாம். கரும்புக் கரணை மாதிரி, வாழைக் கன்று மாதிரி. இது நன்மை. அடுத்தவன் வருஷக் கணக்காகப் பாடுபட்டு உண்டாக்கிய ரகத்தை, கடையில் கால் கிலோ காளான் வாங்கிச் சதையைக் கிள்ளி வைத்து, புதுப் பெயர் ஒட்டி விற்றுவிடலாம். இது வம்பு.

1926-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து விவசாயி ஒருவர் தன் படுக்கையில் ஒரு கொத்து மட்டும் பால் வெள்ளையாக முளைத்திருப்பதைப் பார்த்தார். அதுவரை மொட்டுக் காளான் என்றால் பழுப்பு, இல்லாவிட்டால் மங்கல் வெள்ளை. அந்த ஒரு கொத்தைத் தனியாக எடுத்துப் பெருக்கினார்கள். இன்று உலகக் கடைகளில் விற்கும் வெள்ளை மொட்டுக் காளானுக்கு அந்த ஒரு கொத்துதான் மூலம் என்று சொல்கிறார்கள். எத்தனை கம்பெனி, எத்தனை எண், எத்தனை பெயர்! அத்தனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பார்வைக்கு எல்லாம் வெள்ளை, அவ்வளவுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1943-ல் கோயம்புத்தூரில் தாமஸ், ராமகிருஷ்ணன் முதலிய பயிர் நோய்த் துறை அறிஞர்கள் வைக்கோலில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டி எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் காளான் சாகுபடிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1961-ல் இமாச்சலப் பிரதேசத்து சோலனில் மொட்டுக் காளான் வேலை ஆரம்பமாயிற்று. 1962-ல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பானோ, ஸ்ரீவஸ்தவா என்ற இருவர் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்த்தார்கள். 1974-ல் ஜந்தைக், கபூர் என்பவர்கள் சாம்பல் நிறச் சிப்பி ஒன்றை அறிமுகம் செய்தார்கள். இமயமலை அடிவாரத்தில், செத்துப்போன கள்ளி மரத்தில் கிடைத்தது அது. வளர்ப்பது சுலபம், விளைச்சலும் நன்றாக இருந்தது. நாடு முழுவதும் பரவிவிட்டது. அதற்கு வைத்த பெயர் சாஜர்-காஜு.

மல்லாட்டைக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. சாஜர்-காஜு என்பது மலாய்ப் பெயர். சயூர் என்றால் காய்கறி, காயு என்றால் மரம். மரத்தில் முளைக்கும் காய்கறி என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் ஃப்ரைஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் அந்தப் பெயரைப் புத்தகத்தில் ஏற்றினார். ஆனால் அவர் சொன்ன காளானுக்குத் தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் இருக்கும், சதை தோல் போலக் கெட்டி. அது சிப்பிக் காளான் குடும்பமே இல்லை, லென்டைனஸ் என்ற வேறு குடும்பம் என்று 1970-களில் லண்டன் கியூ தோட்டத்து அறிஞர் பெக்ளர் எடுத்துக் காட்டினார். அப்படியானால் நம் குடிலில் வளர்கிற சாம்பல் சிப்பி யார்?

இதைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. வருமுன்னே ஒரு வழி இருந்தது. ஒரு காளானின் வித்துத்தூளில் ஒரே ஒரு தூளை எடுத்து முளைக்க வைப்பார்கள். இன்னொரு காளானிலிருந்தும் அப்படியே. இரண்டு இழையையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் விடுவார்கள். ஒரே இனமாக இருந்தால், பொருத்தமும் இருந்தால், இரண்டும் சேர்ந்துவிடும். சேர்ந்த இழையில் கணுவுக்குக் கணு சின்னக் கொக்கி விழும், நுண்ணோக்கியில் பார்க்கலாம். வேறு இனமாக இருந்தால் எத்தனை நாள் வைத்தாலும் சேராது. பெண் பார்க்கப் போய் ஜாதகம் பொருந்துகிறதா என்று பார்ப்பது போலத்தான்! இந்தச் சோதனையிலும், பிறகு 1990-களில் செய்த டி.என்.ஏ. சோதனையிலும் நம்ம சாம்பல் சிப்பியின் உண்மையான இனம் புளூரோட்டஸ் பல்மனேரியஸ் என்று முடிவாயிற்று. ஃப்ளோரிடா என்று நாம் வாங்குகிற வெள்ளைச் சிப்பியின் கதையும் இதுபோலத்தான். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்திலிருந்து எடுத்த ரகம் என்பதால் வந்த பெயர் அது. அந்த ரகம் புளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ் என்ற பழைய இனத்தோடு தாராளமாகச் சம்பந்தம் செய்துகொண்டது. தனி இனமாக இருந்தால் அப்படிச் செய்யுமா? ஆனாலும் பழைய பெயர்கள் போகவில்லை. இன்றைக்கும் வித்துப் பட்டியலில் சாஜர்-காஜு என்றுதான் அச்சடிக்கிறார்கள். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். நாம் மல்லாட்டை என்று சொல்வதை விட்டுவிட்டோமா என்ன?

இது வரைக்கும் இனத்தைப் பிரிக்கிற கதை. நெல்லையும் கேழ்வரகையும் பிரிக்கிற மாதிரி. ஒரே இனத்துக்குள் ரகத்தைப் பிரிப்பதுதான் கஷ்டம். பொன்னியையும் வெள்ளைப் பொன்னியையும் அரிசியாக்கிக் கலந்து வைத்துவிட்டுப் பிரிக்கச் சொல்கிற மாதிரி.

சிப்பிக் காளானில் அதற்கும் ஒரு ஏழை வழி உண்டு. வளர்ந்த இரண்டு ரகத்தின் இழையை ஒரே தட்டில் எதிரெதிராக வைத்தால், ஒரே ரகமானால் இரண்டும் கலந்து ஒரே படுதாவாகிவிடும். வேறு வேறு ரகமானால் சந்திக்கிற இடத்தில் நடுவே ஒரு கோடு விழும். வரப்பு போட்ட மாதிரி தெளிவாகத் தெரியும். பங்காளிக்குள் வரப்பு இல்லை, அந்நியனுக்கு வரப்பு உண்டு. செலவு குறைவு, ஒரு வாரம், பத்து நாளில் தெரிந்துவிடும். ஆனால் வேறு ரகம் என்று மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு வேறு, அப்பன் யார், அம்மா யார் என்பதையெல்லாம் சொல்லாது. மொட்டுக் காளானில் இதை அவ்வளவாக நம்பவும் முடியாது.

மொட்டுக் காளானில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மற்ற காளான்களில் ஒரு காம்பில் நாலு வித்துத்தூள் இருக்கும். மொட்டுக் காளானில் பெரும்பாலும் இரண்டுதான். அதனால் ஒவ்வொரு தூளுக்குள்ளும் இரண்டு உட்கரு போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படியென்றால், பிறக்கும்போதே கல்யாணம் ஆகிப் பிறக்கிற பிள்ளை! அதை வேறு ரகத்தோடு எப்படிச் சேர்ப்பது? இந்த இரகசியத்தை 1972-ல் அமெரிக்காவில் ரேப்பர் தம்பதியும் மில்லர் என்பவரும் தெளிவாக விளக்கினார்கள். அபூர்வமாக ஒற்றை உட்கருவோடு சில தூள் இருக்கும். அதைத் தேடிப் பிடித்துச் சேர்த்தால்தான் கலப்பினம் வரும். ஹாலந்து நாட்டில் ஹார்ஸ்ட் என்ற ஊர்க் காளான் ஆராய்ச்சி நிலையத்தில் கெர்டா ஃப்ரிட்ஷே என்ற அம்மையார் பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்தார். பால் வெள்ளை ரகத்தையும் மங்கல் வெள்ளை ரகத்தையும் சேர்த்து, 1980-ஐ ஒட்டி யு 1, யு 3 என்ற இரண்டு கலப்பின ரகங்களை வெளியிட்டார். யு 1 உலகத்தையே பிடித்துக்கொண்டது.

சேர்த்தது உண்மையாகவே சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் மரபு அடையாளம் உள்ளே வருகிறது. 1982-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய்ஸ், மே என்ற இருவர் நொதிகளை வைத்து மொட்டுக் காளான் ரகங்களைப் பிரித்தார்கள். நொதி என்றால் உயிருக்குள் வேலை செய்கிற புரதம். ஒரே வேலையைச் செய்கிற நொதி ரகத்துக்கு ரகம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். கம்பெனி ஒன்றுதான், ஆனால் ஒரு டிராக்டருக்கும் இன்னொன்றுக்கும் எடையில் பத்து கிலோ வித்தியாசம் இருக்கிற மாதிரி. காளானை நசுக்கிச் சாறெடுத்து, மாவுக் கூழை உறைய வைத்த பலகையில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் நொதிகள் நகரும். ஒன்று வேகமாகப் போகும், ஒன்று பின்தங்கும். முறத்தில் புடைக்கும்போது கனத்த மணி ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் விலகுகிறதே, அந்த மாதிரி. பிறகு சாயம் ஊற்றினால் அங்கங்கே பட்டை பட்டையாகத் தெரியும். அப்பாவுக்கு மேலே ஒரு பட்டை, அம்மாவுக்குக் கீழே ஒரு பட்டை என்றால் பிள்ளைக்கு இரண்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பிள்ளையே இல்லை. கலப்பினம் நிஜமா பொய்யா என்பதை அதே இருவர் அதே ஆண்டில் இப்படித்தான் உறுதி செய்தார்கள். வேறு வேறு பெயரில் விற்ற பல ரகங்கள் இந்தச் சோதனையில் ஒரே சில வகுப்புக்குள் அடங்கிப் போயின. சந்தையில் பெயர்தான் நிறைய இருந்தது, சரக்கு கொஞ்சம்தான்.

நொதியிலும் ஒரு குறை உண்டு. அது ஆயிரத்தில் ஒரு எழுத்தைப் படிப்பது போல. அடுத்து டி.என்.ஏ.வையே படிக்கும் முறைகள் வந்தன. 1984-ல் இங்கிலாந்தில் ஜெஃப்ரீஸ் என்பவர் மனிதரின் டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடித்தார். கொலைக் கேஸில் ஆளை அடையாளம் காட்ட கோர்ட்டில் பயன்படுகிறதே, அதுதான். 1987-ல் கனடாவில் காஸில், ஹார்கன், ஆண்டர்சன் என்ற மூவர் மொட்டுக் காளானின் டி.என்.ஏ.வைக் கத்தரி போன்ற ஒரு நொதியால் துண்டாக்கி ரகங்களைப் பிரித்தார்கள். கத்தரி குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டும் வெட்டும். அந்த எழுத்து ஒரு ரகத்தில் மாறியிருந்தால் அங்கே வெட்டு விழாது, துண்டு நீளமாகிவிடும். நீளத்தைப் பார்த்து ஆளைச் சொல்லலாம். 1990-ல் ராப்பிட் என்று ஒரு முறை வந்தது. பத்தே எழுத்துள்ள சின்னத் துணுக்கு ஒன்றைப் போட்டால், அது ஒட்டுகிற இடங்களிலிருந்தெல்லாம் டி.என்.ஏ. லட்சக்கணக்கில் நகல் எடுக்கப்படும். சுலபம், செலவும் குறைவு. 1992-ல் மொட்டுக் காளானுக்கு அதைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நம் நாட்டிலும் காளான் ரகங்களுக்கு இது நிறையப் பயன்பட்டது. ஒரு கூடத்தில் வந்த பட்டை இன்னொரு கூடத்தில் அப்படியே வராது என்பது அதன் கோளாறு. ஆகவே இப்போது டி.என்.ஏ.வில் ஒரே எழுத்துக்கூட்டு திரும்பத் திரும்ப வருகிற இடங்களையும், ஒற்றை எழுத்து மாறுகிற இடங்களையும் எண்ணிப் பார்க்கிறார்கள். 2012-ல் மொட்டுக் காளானின் மரபுப் புத்தகம் முழுவதையும் படித்து வெளியிட்டுவிட்டார்கள். அதன் பிறகு எழுத்து மாறுகிற இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இந்தப் புது அடையாளங்களை வைத்து யு 1-ஐயும் அதற்குப் பின்னால் புதுசு புதுசு என்று வந்த ரகங்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவை யு 1-ஏதான், அல்லது அதற்கு மிகமிகக் கிட்டத்தில் இருந்தன. முப்பது வருஷமாக உலகம் ஒரே காளானைப் பல பெயரில் தின்றுகொண்டிருந்தது! இதில் திருட்டு எவ்வளவு, இயற்கை எவ்வளவு என்பது வேறு பிரச்னை. மொட்டுக் காளானின் தூளுக்குள் இரண்டு உட்கருவும் சேர்ந்தே போவதால், யு 1-ன் தூளை முளைக்க வைத்தாலே பிள்ளை கிட்டத்தட்ட யு 1 மாதிரியே இருக்கும். அப்படி வளர்த்தவர் "நான் சதையைக் கிள்ளவில்லை, தூளிலிருந்து புதிதாக வளர்த்தேன்" என்று சத்தியம் செய்யலாம். அது பொய்யும் இல்லை. பாடுபட்டு முதல் கலப்பினத்தைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது? மூல ரகத்திலிருந்து பெயருக்கு மாற்றி எடுத்ததில் மூல ரகத்துக்காரருக்கும் பங்கு உண்டு என்று 1991-ல் பயிர் ரகப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில் ஒரு விதி சேர்த்தார்கள். எத்தனை எழுத்து ஒத்திருந்தால் மூலம், எத்தனை மாறினால் புதுசு என்று கோடு கிழிப்பதில்தான் வக்கீலுக்கு வேலை.

ஒற்றை ரகத்தில் இன்னொரு பயமும் இருக்கிறது. ஒரு நோய் அந்த ரகத்தைப் பிடித்தால் எல்லார் குடிலையும் பிடிக்கும். அதனால்தான் காட்டு மொட்டுக் காளான்களைத் தேடிச் சேகரித்தார்கள். கலிபோர்னியாவின் பாலைவனத்தில்கூடக் கிடைத்தது. அங்கே நாலு தூள் உள்ள ஒரு வகையே இருக்கிறது. கலப்புச் செய்வதற்கு அது மிகவும் தோது. காட்டில் கிடைத்ததெல்லாம் காட்டுக் காளான்தானா என்று சோதித்தபோது, பண்ணையிலிருந்து தப்பிப்போய்க் காட்டில் குடியேறிய சிலவும் அடையாளத்தில் மாட்டிக்கொண்டன. நம்ம ஊர்க் கோழி காட்டுக்குள் ஓடிப்போன கதைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு டி.என்.ஏ. எல்லாம் சொல்லிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு மல்லாட்டையே சாட்சி. கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிகிற கடலை ரகங்களை 1990-களின் தொடக்கத்தில் இதே கத்தரி முறையிலும் ராப்பிட் முறையிலும் சோதித்தார்கள். கொத்துக் கடலை, கொடிக் கடலை எல்லாம் ஒரே மாதிரிப் பட்டை காட்டின. வித்தியாசமே அகப்படவில்லை! நம் களத்து ஆள் கையில் நாலு பருப்பை வைத்துச் சொன்னதை அந்தப் பெரிய மெஷின் சொல்ல முடியவில்லை. எந்த இடத்து எழுத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்ததுதான் காரணம். பிறகு நுட்பமான அடையாளங்கள் வந்த பின்புதான் கடலை பிடி கொடுத்தது. காளானிலும் அப்படித்தான். இனத்தைச் சொல்வதற்கு ஐ.டி.எஸ். என்ற ஒரு சின்னப் பகுதியைப் படிக்கிறார்கள். பூசணங்களுக்கெல்லாம் அதுதான் பொது அடையாளம் என்று 2012-ல் ஏற்றுக்கொண்டார்கள். இது சாம்பல் சிப்பியா, வேறு இனமா என்று அது சொல்லிவிடும். சாம்பல் சிப்பியில் எந்த ரகம் என்று கேட்டால் விழிக்கும். "டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணின வித்து" என்று யாராவது சொன்னால் எந்த டெஸ்ட் என்று கேட்க வேண்டியதாகிறது.

இன்னொன்று. ரகம் சரியாக இருந்தும் வித்து சோர்ந்து போயிருக்கலாம். தாய் வித்திலிருந்து முதல் தலைமுறை, அதிலிருந்து படுக்கை வித்து என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டு மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டே போனால் இழை அடர்த்தியாகப் பஞ்சு கட்டும், மொட்டு வராது. அப்படிச் சோர்ந்த வித்தின் மரபு அடையாளத்தைப் பார்த்தால் பெரும்பாலும் முதல் வித்தின் அடையாளமே வரும். ஆதார் அட்டை ஆளைச் சொல்லும், ஆளுக்குக் காய்ச்சல் என்று சொல்லுமா? அதைப் படுக்கையில் வளர்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பால் காளானுக்கு வருகிறேன், அது நம்ம வெயிலுக்கு ஏற்றது. 1974-ல் மேற்கு வங்காளத்தில் புர்காயஸ்தா, சந்திரா என்ற இருவர் அதைக் கண்டு கேலோசைபி இண்டிகா என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் வளர்த்தும் காட்டினார்கள். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அது ஏட்டோடு கிடந்தது. 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகுதான் குடிலுக்கு வந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவரோடு வேலை செய்தவர்களும் அதற்குப் பாடுபட்டவர்கள். ஏ.பி.கே. என்றால் அருப்புக்கோட்டை, டி.எம்.வி. திண்டிவனம் ஆனது மாதிரி. இதற்கும் ஒரு ஜோடிக் குழப்பம் இருக்கிறது. மேக்ரோசைபி ஜைகான்டியா என்ற பெரிய வெள்ளைக் காளான், பார்வைக்குப் பால் காளானின் அண்ணன் மாதிரி இருக்கும். மழைக்குப் பிறகு வெளியில் கொத்தாக முளைத்ததைப் பார்த்து "பால் காளான் காடு முழுக்க இருக்கு" என்று ஆள் சொன்னால், அது தம்பியா அண்ணனா என்று டி.என்.ஏ.வைக் கேட்டால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

நம்ம மாவட்டத்தில் இதற்கு யாரைப் பார்ப்பது? திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வளர்ப்பு முறையும் எந்தப் பருவத்துக்கு எந்தக் காளான் என்பதும் அங்கே கேட்கலாம். மரபு அடையாளம் பார்ப்பது கோயம்புத்தூர் பல்கலைக்கழகம், சோலன் காளான் ஆராய்ச்சி இயக்ககம் மாதிரிப் பெரிய இடத்து வேலை. சோலனில் 1983-ல் தேசிய மையமாகத் தொடங்கியது அது, 2008-ல் இயக்ககம் ஆயிற்று. ஒரு புட்டிக்காக யாரும் அங்கே ஓட முடியாது, ஓடவும் வேண்டாம். ஆனால் அந்த இடங்களிலிருந்து வருகிற தாய் வித்துக்கு ஒரு பெயரும் எண்ணும் இருக்கும். உங்களுக்கு வித்து விற்பவரிடம், "தாய் வித்து எங்கேயிருந்து வாங்கினீங்க, ரகம் எது, இது எத்தனையாவது தலைமுறை, எந்தத் தேதியில் போட்டது?" என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்.

புது இடத்தில் வித்து வாங்கும்போது முழுக் குடிலுக்கும் போட்டுவிடாமல், ஐந்து, ஆறு பையில் மட்டும் பழைய வித்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். வைக்கோலும் ஒன்று, தண்ணீரும் ஒன்று, சூடும் ஒன்று. எத்தனை நாளில் இழை ஓடிற்று, எத்தனையாவது நாள் மொட்டு வந்தது, குடை என்ன நிறம், ஒரு பைக்கு எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதுங்கள். பையிலிருந்த சீட்டையும் அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள், வித்து வாங்கிய பில்லையும் சேர்த்து.